உங்களுக்குத் தெரியுமா? படப்பைக்குப் பக்கத்தில் ஒரு காட்டு நடை

படப்பையில் குடியிருப்பவர்களிடம் "காலையில் எங்கே வாக்கிங் போகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "நடக்க எங்கே இடம்? ரோட்டில் கால் வைத்தால் கன்டெய்னர் லாரி" என்பார்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகிற கம்பெனி பஸ்கள் வரிசை கட்டும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் அது உண்மைதான். ஆனால் இதே சாலை ஜி.எஸ்.டி. சாலையைத் தொடுகிற வண்டலூரில் 602 ஹெக்டேரில் ஒரு காடு இருக்கிறது. ஏற்றம் இல்லை, பாறை ஏற வேண்டாம், கயிறு வேண்டாம். பேரனும் பாட்டியும் கைகோத்து நடக்கலாம். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காதான் அது. புலியையும் யானையையும் பார்க்கப் போகிறோம். ஓர் அடைப்புக்கும் அடுத்த அடைப்புக்கும் நடுவே உள்ள மரங்களைப் பார்க்காமலே கடந்து வந்துவிடுகிறோம். இந்த வாரத் துணுக்குகள் முழுக்க அந்த நடுவில் உள்ள காட்டுக்கும், அதன் உறவுக் காடுகளுக்கும்.

★ இந்தியாவில் பொதுமக்களுக்காகத் தொடங்கிய முதல் உயிரியல் பூங்கா இதுதான். 1855-ல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் பிறந்தது. தொடங்கியவர் எட்வர்டு கிரீன் பால்ஃபர் என்ற ராணுவ மருத்துவர். அருங்காட்சியகத்துக்கு முதல் பொறுப்பாளரும் அவர்தான். உயிருள்ள விலங்குகள் இருந்தால் கூட்டம் கூடுகிறது என்பதைக் கண்டுகொண்டு, கர்நாடக நவாபின் வசம் இருந்த விலங்குகளைப் பேசி வாங்கினார். 1861-ல் பூங்கா சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறியது. நூறு ஆண்டுக்கும் மேல் அங்கேயே இருந்தது. பழைய சென்னைக்காரர்கள் ‘உயிர் காலேஜ்’ என்று சொன்னது அதைத்தான். வண்டலூரில் 1985 ஜூலை 24 அன்று முதல்வர் எம்.ஜி.ஆர். திறந்து வைத்தார்.

★ அந்தப் பால்ஃபர் இன்னொரு காரியமும் செய்தார். அதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. 1849-லேயே சென்னையிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்விதழில், மரங்களுக்கும் மழைக்கும் மண்ணின் ஈரத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிக் கட்டுரை எழுதினார். காட்டை அழித்தால் வறட்சி வரும், வறட்சி வந்தால் பஞ்சம் வரும், பஞ்சம் வந்தால் நோய் வரும் என்று ஒரு மருத்துவராக அவருக்குக் கவலை. சுற்றுச்சூழல் என்ற துறையே உருவாகாத காலம் அது. அவர் தொடங்கிய பூங்கா கடைசியில் ஒரு காட்டுக்குள் வந்து சேர்ந்தது நல்ல பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

★ வண்டலூர்க் காப்புக்காட்டில் பூங்காவுக்கு நிலம் ஒதுக்கியபோது அது மொட்டையாகிக் கிடந்த புதர்க்காடு. பல ஆண்டுகள் விறகுக்கு வெட்டியும் ஆடுமாடு மேய்ந்தும் தேய்ந்திருந்தது. சுற்றுவட்டார ஊர் மக்களும் சேர்ந்து ஆயிரக்கணக்கில் கன்று நட்டார்கள். இன்றைக்கு நாம் நிழலில் நடக்கிறோம் என்றால் அதில் அவர்கள் உழைப்பும் இருக்கிறது. நட்ட மரங்களும், தானாகத் தழைத்த பழைய காடும் கலந்த இடம் இது.

★ ‘தானாகத் தழைத்த பழைய காடு’ என்றேனே, அதுதான் இந்த வட்டாரத்தின் அசல் சொத்து. கிழக்குக் கடற்கரையோரம், விசாகப்பட்டினம் தொடங்கி ராமநாதபுரம் வரை, குறுகிய பட்டையாக ஓடும் இந்தக் காட்டுக்குத் தாவரவியலார் வைத்த பெயர் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. ஆண்டில் ஏழெட்டு மாதம் வறட்சி, மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில்தான். அப்படிப்பட்ட இடத்தில் இலையை உதிர்த்துவிட்டு நிற்பதுதான் மரங்களுக்கு வசதி. இந்தக் காட்டு மரங்களில் பல அப்படிச் செய்வதில்லை. சின்ன இலை, தடித்த இலை, மேலே மெழுகு பூசிய இலை என்று தண்ணீர்ச் செலவைக் குறைத்துக்கொண்டு சித்திரை வெயிலிலும் பச்சையாகவே நிற்கின்றன. உயரம் அதிகம் போகாது, அடர்த்தி அதிகம். சாலையில் இருந்து பார்த்தால் முட்புதர் மாதிரி தெரியும். அதனால்தான் இதற்கு மதிப்பு இல்லாமல் போனது. மேற்குத்தொடர்ச்சி மலையில் ஒரு மரம் வெட்டினால் ஊரே பேசும்; ஒரகடம் பக்கம் ஒரு காயாப்புதரை ஜேசிபி பிடுங்கினால் ‘இடத்தைச் சுத்தம் பண்ணுகிறார்கள்’ என்கிறோம். இந்தக் கடற்கரையைப் போலவே இலங்கையின் உலர்பகுதியிலும் இந்த வகைக் காடு இருக்கிறது.

★ நம் மாவட்டங்களில் இந்தக் காட்டைக் காப்பாற்றி வைத்தது பெரும்பாலும் சாமிதான். ஐயனார் கோயில், கன்னிமார் கோயில் என்று கோயில்காடுகளில் கொம்பை ஒடிக்கக் கூடாது என்று பெரியவர்கள் போட்ட கட்டுப்பாடு, வேறெங்கும் இல்லாத செடிகளை அங்கே உயிரோடு வைத்திருக்கிறது.

★ உலக்கைப் பாலை என்று ஒரு மரம். பெயரிலேயே அதன் வைரம் தெரிகிறது. அத்தனை கனமான கட்டை. இங்கே காட்டுக்காரர்களுக்கும் ஆடு மேய்ப்பவர்களுக்கும் மட்டுமே தெரிந்த இந்த மரம் ஈழத்து வன்னியில் வீட்டுக்கு வீடு தெரிந்த ஒன்று. அங்கே பாலைப்பழக் காலம் வந்தால் பை பையாகச் சந்தைக்கு வரும். மஞ்சளாக, விரல் நுனி அளவில் இருக்கும். தித்திப்பு அதிகம், தின்றால் பால் உதட்டில் ஒட்டும். வில்பத்து, யால காடுகளில் அந்தப் பருவத்தில் கரடிகள் பாலை மரத்தில் ஏறி உட்கார்ந்து பழம் தின்பதைப் பார்க்கவே ஆட்கள் போகிறார்கள். கடலுக்கு இரு பக்கமும் ஒரே காடு.

★ பெருமாளுக்குக் ‘காயாம்பூ வண்ணன்’ என்று ஒரு பெயர் உண்டு. அந்தக் காயாம்பூவை நேரில் பார்த்திருக்கிறீர்களா? செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரப் புதர்க்காடுகளின் செடிதான் அது. காசான் என்றும் சொல்வார்கள். பூக்கும்போது இலை தெரியாமல் கிளையின் கணுக்களில் குத்துக் குத்தாக நீலமும் ஊதாவும் கலந்து அப்பிக்கொண்டு நிற்கும். சங்கப் புலவர்கள் முல்லை நிலத்தைப் பாடும்போது கொன்றையோடும் பிடவத்தோடும் காயாவையும் சேர்த்துப் பாடினார்கள். ஒரு தெய்வத்தின் நிறமாகவே ஆகிப்போன பூ, நம் ஊர் கம்பெனிச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் பார்க்காமல் பூத்து உதிர்கிறது.

★ வண்டலூர், பல்லாவரம், பரங்கிமலை வட்டாரக் குன்றுகளின் கரும்பாறைக்கு நிலவியலில் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னோக்கின் கல்லறைப் பலகை இந்தச் சென்னைப் பக்கத்துப் பாறையில் செதுக்கியது. 1890-களில் தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் அந்தக் கல்லறையைப் பார்த்துத்தான் பாறைக்கு அவர் பெயரை வைத்தார். இப்போது உலகத்தில் எந்த மூலையில் இந்த வகைப் பாறை கிடைத்தாலும் அதே பெயர்தான். பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவான, கோடிக்கணக்கான ஆண்டுப் பழமையுள்ள பாறை இது. நடக்கும் வழியில் கறுப்பாக, எண்ணெய் தடவியது போல் மினுக்கும் பாறை கண்ணில் பட்டால் ஒரு நிமிஷம் கையை வைத்துப் பாருங்கள்.

★ நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் கல்லாலான கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலத்து மனிதர் வாழ்ந்ததற்கு அதுதான் முதல் சான்றாக அமைந்தது. இந்தப் புதர்க்காட்டில் நடந்த முதல் ஆள் நாமல்ல.

★ மழைநாளில் சென்னையைப் பயமுறுத்தும் அடையாறு எங்கே தொடங்குகிறது தெரியுமா? நம் ஊர்ப் பக்கத்தில்தான். ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் உபரிநீர் சேர்ந்துதான் ஆறாகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றித்தான் அப்போது எல்லாரும் பேசினார்கள். ஏரிக்கு மேலே இருக்கிற காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் பற்றிப் பேசியவர்கள் குறைவு. இலைச்சருகு மூடிய காட்டு மண்ணில் மழை மெதுவாக இறங்கும். சிமென்ட் போட்ட தரையில் விழுந்த மழை விழுந்த வேகத்திலேயே ஓடும். நிறுத்திவைக்கப் புதர் இல்லாவிட்டால் எல்லாத் தண்ணீரும் ஒரே நேரத்தில் ஆற்றுக்கு வரும்.

★ இனி கொஞ்சம் குனிந்து நடப்போம். பாதையோரம் மழை நேரடியாகப் படாத இடத்தில், மரத்தடியில், பொடிமண்ணில் சின்னச் சின்னக் குழிகள் தெரிகிறதா? புனல் மாதிரி, ஓர் ஒற்றை ரூபாய் நாணயம் வைக்கிற அகலத்தில் இருக்கும். குழியானையின் வேலை அது. சின்ன வயதில் மண்ணை ஊதி அதைப் பிடித்து உள்ளங்கையில் விட்டுப் பின்னால் நகர்வதைப் பார்க்காதவர்கள் கிராமத்தில் இருக்க மாட்டார்கள். அது பூச்சியல்ல, பூச்சியின் புழு. தட்டான் போல நீளச் சிறகுள்ள ஒரு பூச்சி இட்ட முட்டையிலிருந்து வந்தது.

குழி தோண்டும் விதத்தைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். பின்பக்கமாகவே நகர்ந்து வட்டம் போடும். போட்டுக்கொண்டே தட்டையான தலையால் மண்ணை வெளியே வீசும். வட்டம் சுருங்கச் சுருங்கக் குழி ஆழமாகும். சரிவு எந்தக் கோணத்தில் இருந்தால் மணல் சரியாமல் நிற்குமோ சரியாக அந்த விளிம்பில் நிறுத்தும். இப்போது ஓர் எறும்பு காலை வைத்தால் போதும், காலடி மண் நழுவும். எறும்பு மேலே ஏறப் பார்க்கும். அடியில் புதைந்திருக்கும் குழியானை அதன்மேல் மண்ணை வாரி இறைக்கும். எறும்பு சரிந்து நேராக அரிவாள் போன்ற இரண்டு தாடைகளுக்கு நடுவில் விழும். சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைக் குழிக்கு வெளியே எறிந்துவிடும்.

இன்னொரு விஷயம் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். குழியானைக்குக் கழிவு வெளியேற வழியே இல்லை. புழுவாக இருக்கிற காலம் முழுக்க, சில வகைகளில் இரண்டு மூன்று ஆண்டுகள்கூட, கழிவை உடம்புக்குள்ளேயே சேர்த்து வைத்திருந்து, சிறகு முளைத்த பிறகுதான் வெளியேற்றுகிறது.

★ மாமரத்திலும் நாவல் மரத்திலும் இலைகளை ஒட்டிப் பந்து மாதிரி கூடு கட்டும் முசுறு எறும்பிடம் கடி வாங்காதவர்கள் இல்லை. அந்தக் கூட்டை ஒட்டும் பசை எங்கிருந்து வருகிறது? பெரிய எறும்புகளிடம் பட்டுநூல் கிடையாது; அவற்றின் புழுக்களிடம்தான் உண்டு. ஒரு கூட்டம் எறும்புகள் ஒன்றின் இடுப்பை ஒன்று பிடித்துச் சங்கிலியாக நின்று இரண்டு இலைகளை இழுத்துப் பிடிக்கும். வேறு சில, வாயில் புழுவைக் கவ்விக்கொண்டு வந்து இந்த இலைக்கும் அந்த இலைக்கும் மாற்றி மாற்றித் தொட்டுத் தொட்டு நூல் ஓட்டும்.

★ தையல்சிட்டும் இலையைத் தைத்துத்தான் கூடு கட்டுகிறது. அலகுதான் ஊசி, சிலந்தி இழையும் பஞ்சும்தான் நூல்.

★ புதருக்கடியில் ஆறேழாகச் சேர்ந்து கீச்சிட்டுக்கொண்டே சருகைக் கிளறும் தவிட்டுக்குருவிகளை நின்று பாருங்கள். ஒரு கூட்டில் உள்ள குஞ்சுகளுக்குத் தாயும் தகப்பனும் மட்டும் இரை கொடுப்பதில்லை; கூட்டத்தில் உள்ள மற்றவையும் கொடுக்கின்றன. இந்தக் கூட்டுக்குடும்பத்தை நம்பித்தான் அக்காக்குயிலும் சுடலைக்குயிலும் திருட்டுத்தனமாக அவற்றின் கூட்டில் முட்டை வைத்துவிட்டுப் போகின்றன.

★ எனக்குப் பிடித்த பறவை ஆறுமணிக் குருவி. காலை ஆறு மணி வாக்கிலும் மாலை ஆறு மணி வாக்கிலும் இரட்டைச் சீழ்க்கை அடிக்கும். மைனாவைவிடச் சிறியது, வால் இருக்கிற இடமே தெரியாது. முதுகு பச்சை, தோளில் பளீரென்ற நீலம், வயிற்றடியில் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. இத்தனை வண்ணத்தையும் வைத்துக்கொண்டு பகல் முழுக்கப் புதர் நிழலில் சருகு கிளறிக்கொண்டு இருக்கும், கண்ணில் படாது. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, புரட்டாசி, ஐப்பசியில் தெற்கே வருகிறது. இலங்கை வரைக்கும் போகும். இரவில் பறந்து வருவதால் களைத்துப்போய் சில சமயம் நம் வீட்டு மொட்டைமாடியிலோ வராந்தாவிலோ விழுந்து கிடக்கும். அப்படி ஒன்று கிடந்தால் அட்டைப்பெட்டியில் துளை போட்டு, இருட்டான இடத்தில் அமைதியாக வையுங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். தண்ணீரை வாயில் புகட்ட வேண்டாம், மூச்சுக்குழாயில் போய்விடும். இந்தக் குருவிக்கு வேண்டியது புதரும் அதன் அடியில் சருகும். புல்தரை போட்டு, செடியைக் கத்தரித்து, சருகைத் தினமும் கூட்டி அள்ளும் பூங்காவில் அதற்குச் சாப்பாடே கிடையாது. பூங்காவில் சருகைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் தயவுசெய்து இதை யோசிக்க வேண்டும்.

★ புள்ளிமானின் கொம்பு ஆட்டுக் கொம்பு மாதிரி ஆயுளுக்கும் நிற்பதில்லை. கிடா மானுக்கு மட்டுமே முளைக்கும்; ஆண்டுக்கொரு முறை விழுந்து, வெல்வெட் போன்ற தோல் போர்த்தி மறுபடி வளரும். வெளிமானின் முறுக்குக் கொம்பு விழாது. காட்டில் விழுந்து கிடக்கும் கொம்பைக் கண்டால் எடுத்து வரக் கூடாது, சட்டப்படி குற்றம். விழுந்த கொம்பைச் சுண்ணாம்புச் சத்துக்காக மான்களும் கொறிக்கும், முள்ளம்பன்றியும் கொறிக்கும்.

★ வேலியோரம் தீப்பிடித்த மாதிரி சிவப்பும் மஞ்சளுமாக விரியும் செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். மழை விழுந்ததும் கிழங்கிலிருந்து முளைத்து, இலை நுனியையே சுருட்டிப் பற்றுக்கம்பியாக்கி அடுத்த செடிமேல் ஏறும். கிழங்கும் விதையும் கடும் நஞ்சு. அந்த நஞ்சில் உள்ள கொல்கிசின்தான் கவுட் என்ற மூட்டுவலிக்கு மருந்து. ஒட்டன்சத்திரம், மூலனூர், வேதாரண்யம் பக்கங்களில் விதைக்காகவே இதைப் பயிரிடுகிறார்கள். பக்கத்துப் புதரில் தொங்கும் குன்றிமணியும் அப்படித்தான்: ஒரு காலத்தில் தங்கம் நிறுக்க உதவிய அழகான விதை, மென்று விழுங்கினால் உயிருக்கு ஆபத்து. பிள்ளைகளோடு நடப்பவர்கள் இரண்டையும் காட்டிச் சொல்லிவிடுங்கள். தெரிந்த பிள்ளை வாயில் வைக்காது.

★ ‘காடென்றால் பாம்பு இருக்குமே’ என்று தயங்குபவர்களுக்கு: இருக்கும். நம் வட்டாரத்தில் ஆளைக் கொல்லக்கூடியவை முக்கியமாக நான்கு: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்தியாவில் கொடுக்கும் விஷமுறிவு மருந்து இந்த நான்குக்கும் சேர்த்துத் தயாரிப்பதுதான். அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கைக் கொடுப்பவர்கள் நம் பக்கத்து இருளர்கள். 1978-ல் தொடங்கிய அவர்களுடைய பாம்புபிடி தொழிற்கூட்டுறவுச் சங்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இயங்குகிறது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுவார்கள். இருளர் சமூகத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. எத்தனையோ லட்சம் பேரின் உயிரைக் காத்த ஒரு கைத்தொழிலுக்கு அந்த மரியாதை மிகவும் தாமதமாக வந்தது.

நடக்கும்போது பாதையை விட்டு விலகாதீர்கள், மூடிய செருப்போ ஷூவோ போடுங்கள், பார்க்காத இடத்தில் கையை வைக்காதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை அசையாமல் வைத்து 108-க்கு அழையுங்கள். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. ஒவ்வொரு கடியையும் மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

★ 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது வண்டலூரிலும் கிண்டியிலும் ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. பூங்காவைப் பல வாரம் மூடி வைத்துத்தான் சரிசெய்ய முடிந்தது. சென்னைத் தெருக்களில் மயிற்கொன்றை, தூங்குமூஞ்சி போன்ற வெளியூர் மரங்கள் அதிகம் விழுந்ததை நாம் எல்லாரும் பார்த்தோம். வேகமாக வளரும், சீக்கிரம் நிழல் தரும், காற்றுக்கு நிற்காது. குட்டையாக, கெட்டியாக, ஒன்றோடொன்று பின்னி வளரும் கடற்கரைக் காட்டு மரங்கள் புயலோடு பல்லாயிரம் ஆண்டு பழகியவை.

★ இதைச் சொல்லும்போது நம் கம்பெனிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தொழிற்பேட்டைகளில் பச்சைப் பட்டை வேண்டும் என்பதற்காகச் சுவரோரம் வரிசையாகக் கோனோகார்ப்பஸ் நடுவது வழக்கமாக இருந்தது. தண்ணீர் ஊற்றாமலே வளரும். பறவைக்கு அதில் ஒன்றும் இல்லை. அதன் மகரந்தம் மூச்சுக்கோளாறு உண்டாக்கும் என்ற புகாரும் உண்டு. 2025-ல் தமிழ்நாடு அரசு அதை நடத் தடை விதித்தது. பிடுங்கிய இடத்தில் என்ன நடுவது என்று யோசிக்கும் கம்பெனித் தோட்டப் பொறுப்பாளர்களுக்கு என் வேண்டுகோள்: வண்டலூருக்கு ஒரு நடை வந்து, அங்கே தண்ணீர் ஊற்றாமலே நிற்பது எது என்று பாருங்கள். காயா, பாலை, வீரை, வெப்பாலை, களா. கன்று கிடைப்பது கொஞ்சம் சிரமம், வளர்ச்சியும் மெதுவு. ஆனால் ஒருமுறை வேர்பிடித்தால் நம் காலத்துக்குப் பிறகும் நிற்கும்.

★ ‘அழிந்த காடு திரும்ப வருமா?’ வரும். புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில்லில் 1970-களில் செம்மண் மொட்டையாகக் கிடந்தது. இன்று அங்கே இதே உலர் பசுமைமாறாக் காடு. அங்கே காட்டை மீட்டுப் பழகிய பிச்சாண்டிக்குளம் குழுதான் சென்னை அடையாறு பூங்காவையும் வடிவமைத்தது. குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிய 58 ஏக்கரைக் கழிமுகக் காடாக்கி, தொல்காப்பியப் பூங்கா என்ற பெயரில் 2011 ஜனவரியில் திறந்தார்கள்.

★ ஒரு மாநகரத்துக்கு உள்ளேயே தேசியப் பூங்கா இருப்பது உலகத்தில் அபூர்வம். கிண்டி தேசியப் பூங்காவின் பரப்பு 2.7 சதுர கிலோமீட்டர்தான்; 1978-ல் அந்தத் தகுதி கிடைத்தது. அங்கே வெளிமான் காலங்காலமாக அந்த மண்ணுக்குச் சொந்தமானது. புள்ளிமான் 1940-களில் கொண்டுவந்து விட்டது.

★ ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்ற கணக்கை எந்த மருத்துவரும் கண்டுபிடிக்கவில்லை. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியெண்ணும் கருவியின் விளம்பரத்திலிருந்து வந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான உடலுழைப்பு. நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் செல்போனில் அடி எண்ணி மனம் நோக வேண்டாம். தூங்கி எழுந்து அரைமணி நேரம் நடந்தாலே நல்லது.

★ மரத்தைப் பார்ப்பதற்கே ஒரு பலன் உண்டு. அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் 1984-ல் வெளியிட்ட ஆய்வு இது: பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியே மரம் தெரிந்த படுக்கையில் இருந்தவர்கள், செங்கல் சுவர் மட்டும் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. ஜப்பான் அரசின் வனத்துறை 1982-லிருந்தே காட்டுக்குள் நிதானமாக நடப்பதைப் பொதுமக்களுக்குப் பரிந்துரைக்கிறது.

★ தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கி 40 மலையேற்றத் தடங்களை முன்பதிவுக்குத் திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று தரம் பிரித்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு அழைத்துப் போகிறார்கள். நமக்குப் பக்கத்தில் இருப்பது திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைத் தடம். கோடையில் காட்டுத்தீ அபாயக் காலத்தில் தடங்களை மூடிவிடுகிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது: 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காய்ந்த புல்லில் பரவிய தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அனுமதியில்லாத காப்புக்காட்டுக்குள் ‘சும்மா ஒரு ரவுண்ட்’ என்று போவதை எந்த ஊரிலும் செய்யாதீர்கள்.

★ வண்டலூர் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. படப்பையிலிருந்து வண்டலூர் வழியாகப் போகும் பஸ்ஸில் போய் அங்கே இறங்கலாம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை உள்ளே விடமாட்டார்கள். எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போங்கள். நடக்க முடியாத பெரியவர்களுக்கு பேட்டரி வண்டி உண்டு. நடக்க நல்ல காலம் மழை ஓய்ந்த மார்கழியும் தையும். நுழைந்ததும் கூட்டம் புலி இருக்கும் பக்கம் போகும். நீங்கள் நீர்ப்பறவைகள் வரும் ஓட்டேரி ஏரிப் பக்கம் முதலில் போங்கள். திறந்தவுடன் போனால் ஆறுமணிக் குருவி சீழ்க்கையை நிறுத்தியிருந்தாலும், சருகு கிளறும் சத்தம் கேட்கும்.